பூமயிலின் சூடு

பூமயிலைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் சாயங்காலம், வேலை முடிகிற பாக்டரிச் சங்கு ஊதி ஓய்ந்த கையோடு, கரடிப்பாறைத் தேயிலை எஸ்டேட்டின் மேல் லைன் வீடுகளில் இருந்த இரும்பெல்லாம் சூடாயிற்று. முதலில் தெரிந்தது கோழிகளுக்குத்தான். கூட்டுக்குப் போகவேண்டிய கோழிகள் ஈரச்சிறகை உதறிக்கொண்டு வந்து, பூமயிலின் புருசன் இருளப்பன் வீட்டு ஜன்னல் கம்பிகளை ஒட்டி வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடின. அவற்றை விரட்டப்போன பக்கத்து வீட்டுக்காரி கம்பியைத் தொட்டுவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். ஏன் நிற்கிறாய் என்று கேட்கப்போன அவள் மாமியாரும் தொட்டுவிட்டு நின்றாள். பிறகு நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு கம்பி, ஆளுக்கொரு தாழ்ப்பாள், ஆளுக்கொரு செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி என்று பிடித்துக்கொண்டு, தூறலில் நின்றோம். அடுப்பில் கிடந்த இரும்பின் சூடு இல்லை அது. காய்ச்சல்காரரின் உள்ளங்கைச் சூடு. கையை வைத்துக்கொண்டே இருந்தால், உள்ளே யாரோ தூக்கம் வராமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு படுப்பதுபோல் ஒரு சின்ன அதிர்வும் இருந்தது. ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு ஆறிப்போயிற்று.

யாரும் அலறவில்லை. எங்கள் மலையில் வருஷத்தில் பாதி மழை, மீதி பனி. துவைத்த துணி காய்வதற்குள் உடுத்தியிருக்கும் துணி இற்றுப்போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் சூடாக ஒன்று கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன்னால் ஈரப் பாவாடையை எடுத்துவந்து அதன்மேல் போடுவதுதான் மனுஷ புத்தி. நாங்களும் போட்டோம். ஆனால் அது யாருடைய சூடு என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கம்பியில் பச்சைக் கொழுந்து வாசனையும் தேங்காயெண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தன. அந்த வாசனை மேல் லைனில் ஒருத்திக்குத்தான் உண்டு.

பூமயிலுக்கு மார்பில் கட்டி. கொழுந்துக் கூடையின் கயிறு உரசுகிறது, வேறொன்றுமில்லை என்று இரண்டு மழைக்காலம் ஓட்டிவிட்டு, கூடை தூக்காத ஞாயிற்றுக்கிழமையும் வலித்தபோதுதான் மகள் அமுதராணியிடம் காட்டினாள். மலையிறங்கி, கீழே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு புது வைத்தியத்தைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா ஒருத்தி, அவசரப்படாத மனுஷி, இவர்களை உட்காரவைத்து விளக்கினாள்.

"இரும்புத் தூள்மா. கண்ணுக்கே தெரியாது. ஒரு தலைமுடியோட தடிமனை ஆயிரமா பங்கு போட்டா ஒரு பங்கு எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான் ஒரு துகள். அதைத் தண்ணியில கலந்து ஊசியில கட்டிக்குள்ள ஏத்திருவோம். அப்புறம் நீங்க இந்தச் சுருளுக்குள்ள படுத்துக்கணும். சுருள்ல காந்தம் இப்படியும் அப்படியும் மாறி மாறி இழுக்கும். தூளும் கூடவே திரும்பித் திரும்பிச் சூடாகும். காய்ச்சலுக்குக் கொஞ்சம் மேல. அந்தச் சூட்டை நல்ல சதை தாங்கிக்கும், கட்டி தாங்காது."

"வெந்துருமா தாயி?"

"வெந்துரும்."

"அப்ப வேகட்டும்" என்றாள் பூமயில்.

டாக்டரம்மா போட்ட கட்டளை இரண்டு. உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக்கூடாது, கூட வருகிறவர்களுக்கும் கூடாது. சூடு தாங்கமுடியாமல் போனால் வாயைத் திறந்து போதும் என்று சொல்லவேண்டும், உடனே குறைத்துவிடுவாள். முதல் கட்டளையால் இருளப்பன் வெளியே நின்றார். கவ்வாத்து நேரத்தில் மரம் சாய்ந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, பழைய காலத்து டாக்டர் யாரோ வைத்த இரும்பு பிளேட் ஒன்று அவர் வலது காலில் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த அமுதராணியையும் டாக்டரம்மா உள்ளே விடவில்லை, வயிற்றுப்பிள்ளைக்குச் சூடு ஆகாது என்றாள். ஆக, தாலியில் கோத்திருந்த ஊக்குகளைக்கூடக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் சாயங்காலம் பூமயில் தனியாகத்தான் உள்ளே போனாள். எஸ்டேட்டில் சங்கு ஊதுகிற நேரம் அது.

இரண்டாவது கட்டளையை அவள் கடைசிவரை மதிக்கவில்லை. போதும் என்கிற சொல் அவள் வாயில் வராது. சோறு போட்டால் நாம்தான் தட்டின் மேல் கையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும், அவள் கவிழ்த்த கையின் மேலேயும் ஒரு கரண்டி போடுவாள். கூடை நிறைந்த பிறகும் முந்தானையில் கொழுந்து கிள்ளிக்கொண்டு வருவாள். சுருளுக்குள்ளும் அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். டாக்டரம்மா திட்டியதற்கு, "எம் மக புள்ளைய கால்ல போட்டு ஒரு தண்ணி ஊத்தணும் தாயி, அதுக்குள்ள இது செத்தாகணும்" என்றாளாம். பச்சைக்குழந்தையை நீட்டிய கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டுவதில் மேல் லைனில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் அவள் கால்மேல் கிடந்து வளர்ந்தவர்கள்.

கட்டி செத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். டாக்டரம்மா படத்தில் காட்டினாள், பனங்கொட்டையளவு இருந்தது சுருங்கிப் புளியங்கொட்டையாகக் கிடந்தது. ஆனால் இவர்கள் மலையிறங்குவதற்கு முன்பே அது தன் விதையை நுரையீரலில் போட்டுவிட்டிருந்தது, அங்கே ஊசி போகாது. டாக்டரம்மா அழுதாள் என்று அமுதராணி சொன்னாள். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு பூமயில் படுத்திருந்த நாட்களில், தாலியில் திரும்பக் கோத்த ஊக்குகள் எல்லாம் தானாகவே அவள் மார்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அவள் விரலால் நேராக்கிவிடுவாள், அவை மறுபடி திரும்பும். மகள் வயிற்றைத் தடவிக்கொண்டே, இன்னும் எத்தனை மாசம், இன்னும் எத்தனை மாசம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த மாசம் வரவில்லை, அவள் போய்விட்டாள்.

இனிமேல்தான் எங்கள் கெட்டிக்காரத்தனம் வருகிறது. செத்தவர் பின்னாலேயே வந்துவிடாமல் இருக்க, இடுகாட்டு எல்லையில் ஓர் இரும்பாணி அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது எங்கள் வழக்கம். இரும்பைத் தாண்டி ஆவி வராது. மாடசாமி கோயில் பூசாரியும் பாக்டரியின் ஃபிட்டருமான வேலாண்டிக்கு அன்றைக்கு ஓர் ஆணி போதவில்லை. ஆசை தீராமல் போனவள், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், ஒன்றுக்குப் பத்தாக அடித்துவிடுவோம் என்று, பாக்டரியிலிருந்து ஒரு பை நிறைய நீள ஆணி கொண்டுவந்து, குழிமேட்டிலிருந்து தொடங்கி, தேயிலைக்குள் போகிற ஒற்றையடிப் பாதையின் திருப்பம் தோறும், படி தோறும், கடைசியில் இருளப்பன் வீட்டு நிலைப்படியிலும் அடித்தார். அமுதராணி கையில் இரும்புக் காப்பு, தலையணைக்கு அடியில் கத்தி, படுக்க இரும்புக் கட்டில். நாங்கள் எல்லாரும் வேலாண்டியைப் பாராட்டினோம். மார்புக்குள் இரும்பை ஊற்றிக்கொண்டு போனவளுக்கு இரும்பு வேலியாகுமா, வழியாகுமா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் ஆணிக்கு ஆணி கால்வைத்து நேராக வீடு வந்துசேர்ந்தாள்.

வந்தவளோடு வாழப் பழகிக்கொண்டோம். சங்கு ஊதியதும் இட்லி மாவுப் பாத்திரங்களைக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைப்போம், ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஈரத்தில் வெடித்த விரல்களோடு வரும் பெண்கள் கவ்வாத்துக் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இருமல்காரக் குழந்தைகளின் முதுகில் சாவிக்கொத்தை ஒற்றியெடுப்போம். கீழ் லைன்காரர்கள் வாளியையும் அரிவாளையும் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள், அவர்கள் வீட்டு இரும்பு சூடாவதில்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சூடு வந்ததும் யாராவது ஒருத்தர், "பூமயிலு வந்துட்டா" என்பார்கள். தபால்காரர் வந்துவிட்டார் என்பதுபோலத்தான் சொன்னோம். தன் பங்களாவிலிருந்து இதைக் கேள்விப்பட்ட எஸ்டேட் மேனேஜர் துரை, வந்து ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்தார். மறுவாரமே எங்கள் லைனுக்கு எஸ்டேட் கொடுத்துவந்த விறகை நிறுத்திவிட்டார். அதான் உங்களுக்குச் சூடு இருக்கிறதே என்றார். செத்தவளைக்கூட வேலைக்குச் சேர்த்துக்கொள்வதில் துரைமார் சமர்த்தர்கள்.

இருளப்பன் மட்டும் துணி காயப்போடவில்லை, மாவு வைக்கவில்லை. சங்கு ஊதியதும் உள்ளே போய், மகள் படுத்திருக்கும் கட்டிலின் இரும்புக் காலில் கன்னத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் கதவுக்கு வெளியே நின்ற மனுஷன், இப்போதுதான் உள்ளே விட்டார்கள் என்பதுபோல உட்கார்ந்திருப்பார்.

அமுதராணிக்கு மாசம் ஏற ஏறச் சூடும் ஏறியது. மற்ற வீட்டுக் கம்பிகளில் உள்ளங்கைச் சூடாகவே இருந்தது, அவளைச் சுற்றியிருந்த இரும்பில்தான் கூடிக்கொண்டே போனது. முதலில் காப்பு மணிக்கட்டில் சிவந்த வளையம் போட்டது, கழற்றி எறிந்தாள். கட்டில் சட்டம் முதுகைச் சுட்டது, கீழே பாய் விரித்தாள். அப்போது ஜன்னல் கம்பி, கதவுக் கீல், நிலைப்படி ஆணி, எது பக்கத்தில் இருக்கிறதோ அது அவளை நோக்கி அனல் அடித்தது. அந்த ஒரு மணி நேரமும் வயிற்றுப்பிள்ளை உருண்டு புரண்டு எட்டி உதைத்தது. அது சந்தோஷத்தில் உதைக்கிறது, அம்மாச்சியைக் கண்டுகொண்டது என்று கிழவிகள் சிலர் சிரித்தார்கள். அமுதராணி சிரிக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்குச் சூடு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதைக் காதால் கேட்டவள் அவள். ஒருநாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, போதும், எம் புள்ள வெந்துரும்மா, போதும்" என்று கதறினாள். கம்பி இன்னும் சுட்டது. தட்டைக் கையால் மூடினால் மேலேயும் ஒரு கரண்டி போடுகிறவள்தானே அவள்.

லாரி ஓட்டும் புருசன் வடக்கே போயிருந்ததால், கீழே சமவெளியில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அமுதராணி கிளம்பினாள். இருளப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப்போனார். கொண்டையூசி வளைவுகளில் பஸ் இறங்கிக்கொண்டிருக்கும்போதே சங்கு நேரம் வந்துவிட்டது. அவள் உட்கார்ந்திருந்த சீட்டுக் கம்பி கொதித்தது, தகரம் கொதித்தது. எஞ்சின் தீப்பிடிக்கப் போகிறது என்று டிரைவர் நிறுத்திவிட்டுக் குதித்தார். எஞ்சின் ஜில்லென்று இருந்தது. கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டு இறங்கிவிடச் சொன்னார். அப்பனும் மகளும் மேலே வரும் ஜீப்பில் ஏறி ஈரத்தோடு திரும்பிவந்தார்கள். எங்கே போனாலும் அவள் விடமாட்டாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அப்படிப் பேசியதில் எங்களுக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்ததை மறைப்பானேன், மாவு பொங்குமே.

மறுநாள் காலையில் அமுதராணி அப்பனிடம் நேராகவே கேட்டாள். எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான், கேட்கக்கூடாது என்று நினைத்தாலும் கேட்கும்.

"அப்பா, அந்த ஆணியப் பூரா புடுங்கணும்."

இருளப்பன் சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

"ஒங்களத்தான். அம்மா அது வழியாத்தான் வருது. வேலாண்டி மாமாகிட்ட கேட்டேன். புடுங்கவே கூடாதுங்கிறாரு. ஊருக்குக் குளிருதாம்."

"நானும் வேணாம்னுதான் சொல்லுவேன் புள்ள."

"எம் புள்ள வயித்துலயே வெந்து போகணுமா?"

"அவ சுடுவாளா? அவளுக்குத் தெரியாதா?"

"அம்மாவுக்கு எப்பப்பா போதும்னு தெரிஞ்சிருக்கு? நீங்களே சொல்லுங்க."

இருளப்பனின் குரல் கேட்டது, அப்படியொரு குரலை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. "அங்க அவ உள்ள கெடந்தா புள்ள. கதவுக்கு வெளிய நான் பெஞ்சுல உக்காந்திருந்தேன். கால்ல இரும்பு இருக்காம், போகக்கூடாதாம். ஒரு நா கூட அவ கையப் புடிக்கல. இப்பத்தான் வர்றா. இப்பத்தான் நான் தொடுறேன். அதையும் புடுங்கிப் போடச் சொல்றியே."

அமுதராணி அழுதாள். "எனக்கு மட்டும் அம்மா வேணாமாப்பா? எனக்கு இந்தப் புள்ளையும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னா நான் எதச் சொல்லுவேன்?"

அன்று சாயங்காலம் சங்கு ஊதியதும் இருளப்பன் வாசலுக்கு வந்து குந்தினார். மற்ற நேரத்தில் அந்த ஆணிகள் புல்லுக்குள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது, சூடேறும்போதுதான் சுற்றியிருக்கும் ஈரமண்ணிலிருந்து ஆவி கிளம்பிக் காட்டிக்கொடுக்கும். வேலாண்டி முதலில் வழிமறித்துச் சத்தம் போட்டார். கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேர் வேண்டாம் அண்ணே என்று கெஞ்சினார்கள். இருளப்பன் யாரையும் பார்க்கவில்லை. நிலைப்படி ஆணியை வெறுங்கையால் பிடித்து ஆட்டிப் பிடுங்கினார். சதை பொசுங்கும் நாற்றம் வந்ததும் வேலாண்டியே குறடு எடுத்து ஓடிவந்து நீட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். படிகள் வழியாக, திருப்பங்கள் வழியாக, ஒவ்வோர் ஆணியாகப் பிடித்து, கொஞ்சநேரம் கைக்குள் பொத்திவைத்திருந்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு, தேயிலைக்குள் இறங்கிக்கொண்டே போனார். அவர் ஒன்றைப் பிடுங்கப் பிடுங்க மேலே எங்கள் கையில் இருந்த கம்பிகள் ஆறிக்கொண்டே வந்தன. குழிமேட்டில் கடைசி ஆணிக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்து என்ன பேசினாரோ, மூடுபனி இறங்கிவிட்டதால் எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது நொண்டல் கூடுதலாக இருந்தது. பையைக் கண்காணாத பள்ளத்தில் வீசிவிட்டதாகச் சொன்னார்.

மறுநாள் சங்கு ஊதியது, இரும்பு இரும்பாகவே இருந்தது. மாவு புளிக்கவில்லை, துணி காயவில்லை, குழந்தைகள் இருமின. நிறுத்திய விறகை துரை திரும்பக் கொடுக்கவில்லை, மேலிடத்தில் கேட்கவேண்டுமாம். நாங்கள் அமுதராணியிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம், அது அசிங்கம்தான், ஆனாலும் இருந்தோம். இருளப்பனோ அதைவிட மோசம். சங்கு நேரம் நெருங்கினாலே எழுந்து, மழை கொட்டினாலும், கோயில் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார், இருட்டிய பிறகுதான் வருவார். மகள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை, பொண்டாட்டியை விரட்டச் சொன்னவள் முகத்தில் விழிக்க மனம் வரவில்லை என்று நாங்கள் பேசினோம். அமுதராணியும் அப்படித்தான் நினைத்தாள். சோறு வைத்து மூடிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

அந்த மழையில்தான் அவளுக்கு நேரத்துக்கு முன்னாலேயே வலி கண்டது. மூன்று நாளாக அடித்த மழையில் கீழே ரோடு சரிந்து கிடந்தது. கம்பம் சாய்ந்து கரெண்ட் இல்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியின் நர்ஸ் மரியபுஷ்பம் சிஸ்டர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். மத்தியானம் முழுக்கப் போராடி, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் குழந்தையை எடுத்தாள். பெண். ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற பெண். நீலம் பாரித்து, பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டுவிட்டு, அதையும் நிறுத்திக்கொண்டது.

"சூடு வேணும்" என்றாள் சிஸ்டர். "வேற மருந்தே கெடையாது, சூடுதான் வேணும். ஆத்தா நெஞ்சுல போடுங்க." போட்டோம். ரத்தம் ஏராளமாகப் போய் அமுதராணியே நடுங்கிக்கொண்டிருந்தாள், அவள் நெஞ்சு ஈரச்சுவராக இருந்தது. நாங்கள் ஓடி ஓடி அடுப்பு மூட்டினோம், காட்டில் பொறுக்கிய நனைந்த சுள்ளி புகைந்ததே தவிர பற்றவில்லை. எங்களில் ஒருத்தி, என்ன நினைத்தாளோ, ஓடிப்போய் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. அவள் அங்கேயே நின்று ஓவென்று அழுதாள். யாரும் அவளை அதட்டவில்லை.

இருளப்பன் கோயில் கொட்டகையில் இருந்தார். யாரோ போய்ச் சொல்ல, நனைந்துகொண்டே வந்து, வாசலைத் தாண்டாமல் நின்றார்.

"உள்ள வாங்கப்பா" என்றாள் அமுதராணி. "எம் மேல கோவத்த அப்புறம் வச்சுக்கலாம். ஒருதடவை பாத்துட்டுப் போங்க."

"கோவமில்ல புள்ள." அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். "நான் கிட்ட வரக்கூடாது. நான் எல்லாத்தையும் புடுங்கிட்டேன், சத்தியமாப் புடுங்கிட்டேன். ஒண்ணே ஒண்ணப் புடுங்க முடியல."

வேட்டியைத் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே, பழைய தழும்பு ஓடிய இடம் முழுக்கக் கன்றிச் சிவந்திருந்தது. மழையில் நனைந்து வந்த காலிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கரெண்ட் இல்லாததால் அன்றைக்குச் சங்கு ஊதவில்லை, நேரம் என்ன என்று எங்களுக்குத் தெரியாது. அந்தக் காலுக்குள் இருந்த இரும்புக்குத் தெரிந்திருந்தது. சிஸ்டர் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பஸ் ஏன் கொதித்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, அவர்தானே பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். தினமும் சாயங்காலம் இந்த மனுஷன் எரிகிற காலைத் தூக்கிக்கொண்டு மகளை விட்டு விலகி ஓடியிருக்கிறார், நாங்கள் அதற்குக் கோபம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அமுதராணி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை இப்போது சத்தமே போடவில்லை. போதும் என்று சொல்லத் தெரியாதவள் அந்தக் காலுக்குள் இருக்கிறாள். குழந்தையைக் கொடுத்தால் வெந்துவிடலாம், கொடுக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் விறைத்துவிடும். வேறு யாரும் அவளுக்காக இதைத் தீர்மானிக்க முடியாது, நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கால நீட்டி உக்காருங்கப்பா" என்றாள்.

"புள்ள..."

"உக்காருங்க. கால்ல போட்டுக் குளிப்பாட்டணும்னுதானே அம்மா வந்துச்சு."

இருளப்பன் சுவரில் சாய்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டி உட்கார்ந்தார். சிஸ்டர் ஒரு பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்துக் கால்மேல் விரித்தாள். அமுதராணி ஊர்ந்துவந்து, குழந்தையைக் கையில் வாங்கி, தலை பாதத்துப் பக்கமும் கால் மடிப்பக்கமுமாக, எங்கள் ஊரில் குளிப்பாட்டக் கிடத்துகிற மாதிரியே கிடத்தினாள். கிடத்திவிட்டு அப்பனின் காலிடம் குனிந்து பேசினாள்.

"அம்மா, ஒங்கிட்டத்தான் குடுத்திருக்கேன். பாத்துக்க."

சூடு ஏறியது. இருளப்பனின் முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்தது. தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார், கழுத்து நரம்பு புடைத்தது, காலை மட்டும் அசைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் எப்படிக் கிடந்திருப்பாள் என்பதை அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்தோம். அறை முழுக்கப் பச்சைக் கொழுந்து வாசனை. சேலை மடிப்பிலிருந்து ஆவி வந்தது. குழந்தையின் நீலம் உதட்டிலிருந்து விலகியது, விரல் நுனியிலிருந்து விலகியது, முகம் சிவந்தது. சிவந்த பிறகும் சூடு ஏறியது. குழந்தை வாயைத் திறந்து, மேல் லைன் முழுக்கக் கேட்கும்படி வீறிட்டு அழுதது. சிஸ்டர் எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினாள். அமுதராணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

அப்போது இருளப்பன் வாயிலிருந்து துண்டை எடுத்தார்.

"நின்னுருச்சு" என்றார்.

"எறங்குதாப்பா?"

"எறங்கல. ஏறவும் இல்ல. அப்படியே நிக்குது." கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "அவளே போதும்னுட்டா புள்ள."

ரோடு சரியாகி ஜீப் வரும்வரை குழந்தை அந்தக் காலைவிட்டு இறங்கவில்லை. சூடு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒரு மணி நேரத்துக் கணக்கெல்லாம் போய், இரவும் பகலும் நின்றது. இருளப்பன் உட்கார்ந்தபடியே தூங்கினார், உட்கார்ந்தபடியே சாப்பிட்டார். ஜீப்பில் குழந்தையை ஏற்றிய பிறகுதான் அந்தக் கால் மற்றக் காலைப் போல ஆயிற்று. பிறகு அது சுடவேயில்லை. நாங்கள் பெரிய யோக்கியர்கள் இல்லை, ஏதாவது சாக்கு வைத்து அவர் காலைத் தொட்டுப் பார்க்காதவர்கள் மேல் லைனில் ஒருத்தரும் கிடையாது. சங்கு ஊதினால் இன்றைக்கும் ஜன்னல் கம்பியின் மேல் கை தானாகப் போகிறது. ஜில்லென்று இருக்கும். வைத்த கையைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுப்போம்.

குழந்தை தேறி வந்துவிட்டது. குளிப்பாட்டுவது இருளப்பனின் கால்மேல்தான், ஆம்பளை கால்மேல் போடுவதா என்று முணுமுணுத்தவர்கள் இப்போது வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறார்கள். அவர் வெயில் பார்த்து வாசலில் கால் நீட்டி உட்காருவார், அமுதராணி வெந்நீர் ஊற்றுவாள். கடைசிச் சொம்பு தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தையிடம் கேட்கிறாளா, காலிடம் கேட்கிறாளா என்று தெரியாதபடி குனிந்து, "போதுமா?" என்பாள். கொஞ்ச நேரம் காத்திருப்பாள். பிறகு அண்டாவில் மொண்டு இன்னொரு சொம்பு ஊற்றுவாள்.